பெயர் இல்லாத சைக்கிள்! செய்தது யார்?

ஆடி மாதத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குச் சைக்கிள் மிதிப்பது லேசான காரியம் அல்ல. மேல்காற்று முகத்தில் அறையும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல்!

அந்தக் காற்றை எதிர்த்து ஓடிய பழைய சைக்கிள்கள் நாஞ்சில் நாட்டு வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. பெயிண்டு உரிந்துவிட்டது. முன்னால் இருந்த சின்னத்தைக் காணோம். "தாத்தா ஓட்டியது ராலி" என்பார் பாட்டி. "இல்லை, ஹெர்குலிஸ்" என்பார் சித்தப்பா. பழைய இரும்பு வாங்குபவரோ தராசை எடுக்கிறார்!

கொஞ்சம் பொறுங்கள். செய்தவர் யார் என்று அந்தச் சைக்கிளே சொல்லும்.

நாரைத் தலை

பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தைப் பாருங்கள். நாரைத் தலை வெட்டப்பட்டிருந்தால் அது ராலியின் சக்கரம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்துக் கம்பெனி அது. பி.எஸ்.ஏ. என்ற எழுத்துக்கள் இருந்தால் பர்மிங்காம். துப்பாக்கி செய்து பிழைத்த கம்பெனி, பிறகு சைக்கிளும் செய்தது.

ஆனால் சக்கரத்தை மட்டும் நம்பக் கூடாது. ரிப்பேர் கடைக்காரர் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார். சின்னமும் அப்படித்தான். புதிதாக ஒன்றைத் தறைந்துவிட்டு, அதிக விலைக்கு விற்பவர்களும் உண்டு!

மரை பொய் சொல்லாது

மாற்ற முடியாதது பிரேம்தான். பெடல் அச்சு செல்லும் குழாயிலிருந்து கப்பைக் கழற்றுங்கள். அதன் மரைகளை எண்ணுங்கள். அரை அங்குலத்துக்கு 13 மரை இருந்தால் பெரும்பாலும் ராலி குடும்பம். மற்ற இங்கிலாந்துக் கம்பெனிகள் பெரும்பாலும் 12 மரைதான் போட்டன.

குடும்பம் என்று சொல்லக் காரணம் உண்டு. ஹம்பர் கம்பெனியை 1932-ம் ஆண்டில் ராலி வாங்கியது. 1957-ல் பி.எஸ்.ஏ. சைக்கிள் தொழிலும் அதன் கைக்கு வந்தது. ஹம்பரைக் கண்டுபிடிப்பது சுலபம். அதன் பெயர்பெற்ற மாடல்களில் முன் கவையின் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய் இருக்கும்.

சரி, ராலி என்றே வைத்துக்கொள்வோம். சீமைச் சரக்கா, நம் நாட்டுச் சரக்கா? அங்கேதான் சிக்கல். சுதந்திரத்துக்குப் பிறகு சென்-ராலி கம்பெனி மேற்கு வங்காளத்தில் ஆசன்சோலில் ராலி செய்தது. சித்தப்பா சொன்ன ஹெர்குலிஸும் அப்படியே. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அதைச் சென்னை அம்பத்தூரில் செய்தது.

இதைத் தீர்க்க எண் வேண்டும். சீட்டுக் குழாயின் மேல் இணைப்பிலோ, பெடல் அச்சுக் குழாயின் அடியிலோ அது பதிந்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணோடு பழைய பெயிண்டும் போய்விடும். பழைய சைக்கிள் சேகரிப்பவர்களிடம் எண் பட்டியல்கள் உண்டு. அவற்றோடு ஒப்பிடலாம்.

சைக்கிள் வரி கட்டியதற்கு மாட்டிய பில்லை ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கழற்றி எறியவேண்டாம். செய்தவர் பெயரை அது சொல்லாது. தாத்தா எந்த ஊரில், எந்த ஆண்டில் ஓட்டினார் என்பதைச் சொல்லலாம்.