வளைவில் எடுத்த கால்
நான்கு சக்கரக் காதல் - 9

என் மாருதி ஜென் காரை விற்று, சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பியதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதன் இடத்துக்கு வந்தது ஃபோர்டு ஐகான் 1.6. மறைமலை நகரில் பிறந்து, இரண்டு கை மாறி என்னிடம் சேர்ந்த வண்டி.

முதல் காரான மாருதி 800-க்கு 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதை எட்டாத குதிரைத்திறன். வேகம் ஒருமுறை விழுந்தால் மீண்டும் பிடிக்க வெகுநேரமாகும். வீணாக பிரேக் மிதிக்காதே என்று அந்த வண்டிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஜென்னுக்கு 50 குதிரைத்திறன்தான். ஆனால் அலுமினிய இன்ஜின், எடை குறைந்த உடல், ஐந்து கியர். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதைத் திருப்பித் திருப்பி என் கைகள் பழகின.

ஐகானுக்கு 92. முதல் நாளே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்றாவது கியரில் லேசாக மிதித்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. முந்துவதற்கு இனி தூரத்தைக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் அந்த வேகத்துக்கான இடம் பொதுச்சாலை இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிள்களும் போகும் வழி அது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டோடு இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடத்துக்குப் போனேன். அந்தத் தடம் வருவதற்கு முன்பெல்லாம் சென்னையின் கார் பந்தயம் சோழவரத்தில் நடந்தது, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நேர்ப்பாதை முடிந்ததும் 'சி ஒன்' என்ற வேகமான வலது வளைவு.

மூன்றாவது சுற்றில் அந்த வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்துவிட்டேன். வண்டி வெளிப்பக்கம் ஒதுங்குவதைக் கண்டு பதறி, சட்டென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பகுதி ஒரேயடியாக வீசிக்கொண்டு போனது. வானமும் புல்லும் இடம் மாறின. புழுதி அடங்கியபோது நான் வந்த திசையைப் பார்த்து நின்றிருந்தேன். வண்டிக்கும் எனக்கும் கீறல்கூட இல்லை. கைகள் மட்டும் நடுங்கின.

தடத்தோரம் வண்டிகளை நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பியதும், சோழவரத்தில் வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் ஜன்னலருகே குனிந்தார். "பயத்துல கால எடுத்துட்டீங்களா, தம்பி?"

"ஆமாங்கய்யா."

தன் உள்ளங்கையைத் தட்டுபோல் நீட்டி முன்பக்கம் சாய்த்துக் காட்டினார். காலை எடுத்தால் வண்டியின் எடை முன்சக்கரங்களுக்குப் பாயும். முன்டயர்கள் தரையை இறுகப் பற்றும். பின்டயர்கள் மேல் பாரம் குறைய, அவற்றின் பிடி தளரும். வளைவின் நடுவில் இது நடந்தால் வால் சுழலத்தான் செய்யும். "பிரேக்க நேர்லயே முடிச்சிடுங்க. திரும்புனப்புறம் கால் ஒரே அளவுல நிக்கணும்."

நாற்பதிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை ஏறி வந்த எனக்கு, எடை ஓடும் பொருள் என்பது அந்தக் கையசைவில்தான் புரிந்தது. இன்றும் யாராவது குதிரைத்திறனை மட்டும் கேட்டு கார் வாங்கக் கிளம்பினால் அந்த உள்ளங்கையைத்தான் நீட்டிக் காட்டுகிறேன்.

மீண்டும் தடத்தில் இறங்கினேன். முதலில் மெதுவாக, பிறகு சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கூட்டி. மாலை கடைசிச் சுற்றில் அதே சி ஒன். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்தேன். திருப்பினேன். டயர்கள் முனகின. வண்டி வெளிப்பக்கம் மெல்ல ஒதுங்கத் தொடங்கியது. வயிறு கலங்கியது.

வலது பாதம் அசையவில்லை.

(ஓட்டம் தொடரும்)