லினக்ஸில் வைஃபை துண்டிப்பு: அணுகுமுனை மாற்றமும் அலைவரிசை மாற்றமும்

லினக்ஸ் கணினியில் வைஃபை இணைப்பு அடிக்கடி அறுபடுவதற்கு அணுகுமுனை மாற்றமும் அலைவரிசை மாற்றமும் காரணங்களாகலாம். பயனருக்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றினும், முன்னதைப் பெரும்பாலும் கணினியே முடிவு செய்கிறது. பின்னதை அணுகுமுனை முடிவு செய்கிறது.

'ஐடபிள்யூ' கட்டளை தரும் இணைப்பு விவரத்தைத் தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். முகவரி மாறாது அதிர்வெண் மட்டும் மாறியிருப்பின் அது அலைவரிசை மாற்றம். ஒரே கருவியின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு வெவ்வேறு முகவரிகள் உண்டு என்பதும் கருதத்தக்கது.

பல நாடுகளின் விதிப்படி, 52 முதல் 64 வரையும் 100 முதல் 140 வரையுமுள்ள அலைவரிசைகளில் ரேடார் உணரப்பட்டால் அணுகுமுனை அதனை விட்டு நீங்கிக் குறைந்தது 30 நிமிடம் திரும்பாது. மாற்றத்தை அது முன்னரே அறிவித்தும், பின்தொடரத் தவறும் வைஃபை இயக்கி இணைப்பை இழக்கும். 36 முதல் 48 வரையிலான அலைவரிசையை அணுகுமுனையில் நிலைப்படுத்துவதே எளிய வழி.

அணுகுமுனை மாற்றத்தின் சிக்கல் வேறு. சப்ளிகன்ட் நிரலில் 'பிஜிஸ்கேன்' வரி இல்லையெனில், சமிக்ஞை நலிந்த பின்னும் கணினி பழைய அணுகுமுனையையே பற்றியிருக்கக்கூடும். 'சிம்பிள்:30:-65:300' என அமைத்தால், சமிக்ஞை -65 டிபிஎம்முக்குக் கீழிருக்கையில் 30 நொடிக்கொருமுறையும், மற்றபோது 300 நொடிக்கொருமுறையும் பின்னணித் தேடல் நிகழும். தேடலின்போது வானலைக் கருவி தன் அலைவரிசையை விட்டுச் சிறிதுநேரம் விலகுமாதலால், இவ்வரம்பை -50 வரை உயர்த்துவது புதிய தடைகளையே விளைவிக்கும்.