எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி?



என்.சி.சி. முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “துப்பாக்கி சுட்டியாமே, எத்தனை பட்டுச்சு?” இதுவரை சிரித்து மழுப்பிவிட்டேன். இந்தச் சுவர்ப் பத்திரிகையில் உண்மையை எழுதிவிடுகிறேன். ஐந்து குண்டு சுட்டேன். தாளில் ஒரு ஓட்டைகூட இல்லை. அதற்கு ‘வாஷ் அவுட்’ என்று பெயர்!

இத்தனைக்கும் எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா பலூன் கடையில் நான்தான் கில்லாடி. மாமா காசு கொடுப்பார், பத்துக்கு எட்டு பலூன் உடைப்பேன். அந்தத் தைரியத்தில்தான் முகாமுக்குப் போனேன். அங்கே வாஷ் அவுட் ஆனதும் நான் சொன்ன முதல் வார்த்தை, “சார், துப்பாக்கி சரியில்லை.” ஹவில்தார் சார் கோபப்படவில்லை. “துப்பாக்கி சரியாத்தான்மா இருக்கு. உனக்கு எது சரின்னு நீ பாக்கலை” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பாயிண்ட் டூ டூ என்றால் என்ன?

நாங்கள் சுட்டது .22 ரைபிள். குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம். அதை 25.4-ஆல் பெருக்கினால் 5.6 மி.மீ. வரும். நம் பென்சிலைவிட மெல்லியது. இதில் அதிகம் பயன்படும் தோட்டாவின் பெயர் ‘.22 லாங் ரைபிள்’. இது 1887-இல் அமெரிக்காவில் வந்தது. இன்றும் உலகம் முழுக்கச் சுடப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஈயக் குண்டின் எடை வழக்கமாக 2.6 கிராம்தான்.

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டுவோம் இல்லையா? தட்டினால் வெடிக்கும் மருந்து அது. தோட்டாவிலும் அப்படி ஒரு மருந்து உண்டு. பெரிய துப்பாக்கித் தோட்டாவில் அது அடிப்பக்கத்தின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். .22-இல் அடிப்பக்க விளிம்பின் மடிப்புக்குள்ளேயே வைத்திருப்பார்கள். ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் மருந்து பற்றிக்கொண்டு உள்ளே உள்ள வெடிமருந்தை எரிக்கும், குண்டு பாயும். இதனால்தான் இதை ‘ரிம்ஃபயர்’ என்கிறார்கள். ரிம் என்றால் விளிம்பு.

விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் தோட்டாவின் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு அதிக அழுத்தம் தாங்காது. ஆகவே வெடிமருந்தும் கொஞ்சம்தான். அதனால் சத்தம் குறைவு, தோளில் இடிக்கும் உதை குறைவு, விலையும் குறைவு. பயமில்லாமல் பழக இதைவிட நல்லது இல்லை. குறையும் உண்டு. சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. சில சமயம் ஊசி தட்டியும் வெடிக்காது. அப்போது குழாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, அசையாமல் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்தால் தொலைந்தோம்!

எதற்காகச் சுடப்போகிறோம்?

துப்பாக்கி தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி இதுதான்.

அமெரிக்காவில் தகர டப்பாக்களை வரிசையாக வைத்துப் பொழுதுபோக்காகச் சுடுவார்கள். டப்பாவில் குண்டு பட்டால் ‘பிளிங்க்’ என்று சத்தம் வரும். அதனால் அந்த விளையாட்டுக்கே ‘பிளிங்கிங்’ என்று பெயர். அதற்கு அவர்கள் டிரிக்கரை இழுக்க இழுக்கத் தானே அடுத்த குண்டு ஏறும் ரைபிளை விரும்புகிறார்கள். 1960-இல் வந்த மார்லின் 60, 1964-இல் வந்த ரூகர் 10/22 இரண்டும் அந்த வகையில் புகழ் பெற்றவை.

தாளில் குறி பார்த்துச் சுடுவது வேறு. அங்கே வேகம் முக்கியமில்லை. ஒவ்வொரு குண்டையும் கையால் ஏற்றும் ‘போல்ட்’ ரைபிள்தான் பொருத்தம். ஆடுகிற பாகம் குறைவு, நிதானமும் தானாக வரும். போட்டி வீரர்கள் பலர் ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் போன்ற ரைபிள்களை வைத்திருக்கிறார்கள். 50 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. நம் சட்டைப் பொத்தான் அளவு! ஐம்பது மீட்டருக்கு அப்பால் பொத்தானைச் சுடுவது பலூன் உடைப்பது மாதிரி இல்லை என்பது இப்போது புரிகிறது.

நம் நாட்டில் .22 ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். 21 வயது ஆகாதவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. நம்மைப் போன்றவர்கள் என்.சி.சி.யிலோ ரைபிள் கிளப்பிலோ, பெரியவர்கள் மேற்பார்வையில்தான் சுடலாம். காற்றழுத்தத்தில் சுடும் 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு, அதன் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால், லைசென்ஸ் வேண்டாம். ‘ஏர் ரைபிள்தானே’ என்று இளக்காரம் வேண்டாம். 10 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் புள்ளி அரை மி.மீ.தான், பேனா வைத்த புள்ளி! 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் ஏர் ரைபிள் வீராங்கனைதான். .22-இல் நமக்குக் கிடைத்த பெருமை, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வாங்கிய வெண்கலம். 50 மீட்டர் போட்டியில், மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலையில் சுட்டார்.

நான் செய்த தப்பு

முகாமில் இரண்டு வகை .22 இருந்தது. ஒன்று ‘டீலக்ஸ்’, மூன்று கிலோகூட இருக்காது. இன்னொன்று ‘நம்பர் டூ மார்க் ஃபோர்’, பழைய காலத்துக் கனமான ரைபிள், ஏறக்குறைய நான்கு கிலோ. எல்லோரும் டீலக்ஸுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். தூக்குவதற்கு லேசாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். புத்தகப் பையே லேசாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

அன்று சாயங்காலம் ஹவில்தார் சார் எனக்கு மூன்று சோதனை வைத்தார்.

முதலாவது, கை. ரைபிளின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துப் பிடித்தால் ஆள்காட்டி விரலின் நுனி டிரிக்கரைத் தொட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம். சுடும்போது கழுத்தை நீட்டிக் கோணலாகப் படுப்போம். எனக்கு இரண்டு ரைபிளும் எட்டியது.

இரண்டாவது, எடை. தோளில் சுமந்து நடக்க லேசான ரைபிள் சுகம். படுத்துச் சுடும்போது கனமான ரைபிள்தான் உதவி. நம் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் லேசானது உடனே ஆடும், கனமானது அவ்வளவு ஆடாது. நின்று சுட வேண்டும் என்றால் நம் கைக்குத் தாங்குகிற எடையாக எடுக்க வேண்டும். ஆக, எடை நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, கண். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எழுதுவதற்கு ஒரு கை பழகியிருப்பது போலப் பார்ப்பதற்கும் ஒரு கண் முன்னே நிற்குமாம். எனக்கு அது இடது கண். நான் சுட்டதோ வலது தோளில். பலூன் அகலமானது, பக்கத்தில் இருப்பது, அதனால் தெரியவில்லை. 25 கெஜத்தில் தெரிந்துவிட்டது.

“இடது கண்ணை மூடிக்கிட்டு சுட்டியா?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது! மூடினால் இரண்டும் மூடிக்கொள்ளும். சொன்னால் சிரிப்பார்கள் என்று இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே சுட்டேன். கண்ணாடி போட்டவளுக்குத் துப்பாக்கி எதற்கு என்று ஏற்கெனவே கேலி. இதை வேறு சொல்லணுமா?

அவர் சிரிக்கவில்லை. நோட்டுத் தாளில் ஒரு துண்டு கிழித்து என் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒட்டினார். “கண்ணைத் தெறந்தே வெச்சுக்கோ, அது பாக்க வேண்டாம், அவ்வளவுதான்.”

இரண்டு நாள் கழித்து மறுபடி ஐந்து குண்டு. இந்த முறை கனமான ரைபிளைக் கேட்டு வாங்கினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, டிரிக்கரை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்தினேன். தாளைக் கொண்டு வந்து காட்டினார்கள். ஐந்தும் தாளில் இருந்தன. நடுவில் இல்லை, இடது கீழே. ஆனால் ஐந்தும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடங்கும் இடத்தில்! “கூட்டம் சேர்ந்தாச்சு. கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துறது சுலபம்” என்றார். அணித் தேர்வு முதல் நாள் மதிப்பெண்ணிலேயே முடிந்துவிட்டதால் எனக்கு இடம் இல்லை. அழுகை வந்தது உண்மை. ஆனால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

“சார், ரைபிள் மாத்தினதாலயா, காகிதம் ஒட்டினதாலயா?” என்று கேட்டேன். “காகிதம் முக்கால், ரைபிள் கால்” என்றார்.

மறக்கக் கூடாதது

எந்தத் துப்பாக்கியானாலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழாயை ஆள் பக்கம் திருப்பக் கூடாது. சுடும் நேரம் வரை டிரிக்கரில் விரல் கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. சின்னக் குண்டுதானே என்று நினைக்காதீர்கள், அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும்.

நீங்களும் செய்து பாருங்கள்: இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் சின்ன முக்கோண ஓட்டை செய்து, அதன் வழியே வகுப்புக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை ஒருவர் கையால் மறைக்கட்டும், பிறகு மற்றதை. எந்தக் கண்ணில் கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் முதல் கண்.

அடுத்த முகாமில் எந்த ரைபிள் கொடுத்தாலும் ‘நல்ல ரைபிளா’ என்று கேட்க மாட்டேன். ‘எனக்குப் பொருந்துமா’ என்று பார்ப்பேன். எனக்கு ஒரு கண்ணை மூட வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். இப்போது பள்ளிக்கூடத்துக்கே சொல்லிவிட்டேனே!

– என்.சி.சி. மாணவி, 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு