முதல் மாடு வாங்குமுன் குளம்பைப் பாருங்கள்



மாடு வாங்கப் போனால் நாம் முதலில் சுழி பார்ப்போம். பிறகு பல்லைப் பிடித்து வயதை மதிப்பிடுவோம். மடியைத் தடவி, ஒரு வேளைப் பாலைக் கறந்து அளந்து, விலை பேசி முடிப்போம். சுழி நீங்கலாக மற்றவை எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால், மாட்டின் முழு எடையையும் தாங்கும் குளம்புகளைக் குனிந்து பார்ப்பவர் நம்மில் சிலரே. குதிரை வாங்குவோர் அப்படி இருப்பதில்லை. ஈப்போ பந்தயத் திடலில் ஓடும் குதிரையானாலும், சவாரிக் குதிரையானாலும், ஒவ்வொரு காலாகத் தூக்கி அடிக்குளம்பைப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். குளம்பு கெட்டால் குதிரையே இல்லை என்பது அவர்கள் கொள்கை. பால்மாட்டுக்கும் இது பொருந்தும்.

கால் வலிக்கும் மாடு நடந்து மேயாது, படுத்தே கிடக்கும். தீனி குறையும், பால் வற்றும். பருவத்துக்கு வந்தாலும் அதன் அறிகுறி சரியாகத் தெரியாது. அதனால் சினை தள்ளிப் போகும். சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியைக் கொண்டு முதல் மாடு வாங்கும் குடும்பம் இந்த நட்டத்தைத் தாங்குமா?

பேராக்கில் ரப்பர்த் தோட்ட லயங்களின் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் பெருகிய சிறிய கறவை மாடுகளையே நம் முன்னோர் வளர்த்தார்கள். பின்னர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து சாகிவால், பிரீசியன் கலப்பு மாடுகள் இறக்குமதியாயின. இவை பால் அதிகம் தரும், உடலும் கனம். உடல் கனத்தால் குளம்பின் பாரமும் கூடும்.

குளம்பு நம் நகத்தைப் போன்றதே. மயிர் முடியும் விளிம்பில் தொடங்கி, மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் கீழ்நோக்கி வளரும். நுனியை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆகும். கடும் நோயோ தீனிக் கோளாறோ வந்தால் வளர்ச்சி தடைப்பட்டு, குறுக்கே ஒரு பள்ளக் கோடு விழும். அந்தக் கோடு மயிர் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், ஏறத்தாழ 4 மாதங்களுக்கு முன் மாட்டுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். மடி இன்றைய பாலைச் சொல்லும். குளம்பு சென்ற ஆண்டின் கதையைச் சொல்லும். விற்பவர் சொல்ல மறந்ததையும் அது சொல்லிவிடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? மாடு படுத்திருக்கும் விடியற்காலையில் போய், அது எழும் விதத்தைக் கவனியுங்கள். புல்தரையிலோ சேற்றிலோ நின்றால் குறை தெரியாது. சிமெண்டுத் தரையிலோ தார்ச்சாலையிலோ நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு, நடக்கும்போது வளைந்தால் காலில் வலி இருக்கிறது. பிறகு கால்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு தூக்கிப் பாருங்கள். பின்னங்காலின் வெளிப்புறக் குளம்பை மறவாதீர்கள். கறவை மாடுகளில் பெரும்பாலான குறைகள் அங்கேதான் தோன்றும்.

கண்ட குறைகள் எல்லாம் ஒரே தரமல்ல. குளம்பு நீண்டு வளர்ந்திருந்தால், தேர்ந்தவர் சீவிச் சரிசெய்யலாம். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம். இரு குளம்புகளுக்கு நடுவே வீங்கிப் புண்ணாகி நாற்றம் வீசினால், அது குளம்பழுகல். சேற்றிலும் சாணத்திலும் ஊறிய தோலில் சிறு காயம் பட்டு, அதன் வழியே கிருமி நுழைவதால் வருவது. உடனே மருத்துவர் பார்த்தால் குணமாகும். குணமான பிறகு வாங்கலாம்.

குளம்பின் முன்புறம் நேராக இறங்காமல் உட்குழிந்து, நுனி மேல்நோக்கி வளைந்து, வளையம் வளையமாக இருந்தால் அந்த மாட்டை விட்டுவிடுங்கள். சோறு, சோளம் போன்ற மாவுத் தீனியை அளவுக்கு மீறிப் போட்டதால் உள்ளே அழற்சி கண்டு, அது முற்றிய நிலையாக இருக்கலாம். அது பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது கோமாரி. வாயில் எச்சில் ஒழுகி, நாக்கிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் கண்டால் பேரத்தை நிறுத்துங்கள். கால்நடை மருத்துவச் சேவை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். வீடு திரும்பியதும் கைகால்களையும் செருப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடை மாற்றுங்கள். சில நாட்களுக்கு உங்கள் கொட்டகைப் பக்கம் போகாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் இந்நோய் இன்னும் ஒழியவில்லை. ஆறிய மாட்டின் தொண்டையிலும் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம். அதனால்தான் மாட்டை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோக இலாகாவின் அனுமதி தேவைப்படுகிறது. தடுப்பூசி விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஈப்போவில் 1948 முதல் இயங்கிவரும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் கால்நடை நோய்களைப் பரிசோதித்து வருகிறது என்பது நம் மாநிலத்துக்கு ஒரு நன்மை.

வாங்கிய மாட்டை இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் தனியே கட்டுங்கள். கொட்டகைத் தரை ஈரமின்றி இருக்கட்டும். சாணத்தை நாள்தோறும் அள்ளுங்கள். பால் கறக்க உட்காரும் தாய்மார்களே, மடியைக் கழுவும்போது குளம்பையும் ஒரு பார்வை பாருங்கள். நோவு தொடங்கும் நாளிலேயே கண்டுகொண்டால் செலவு சிறிது. மாடு நொண்டத் தொடங்கிய பின் செலவும் பெரிது, பாலும் இல்லை.