நீர்க்கரைசல்களின் இயற்பண்புகளில் மின்காந்த ஆற்றலின் விளைவுகள்: கடினநீரும் காந்தக் கருவிகளும்

ஆய்வுச் சுருக்கம்

மின்காந்த ஆற்றலால் நீர்க்கரைசலின் இயற்பண்புகள் மாறுகின்றன. ஆயினும் அம்மாற்றம் நிலைத்திருப்பது, கரைசலின் சேர்க்கை மாறியதா, கரைசலுக்குள் புதிய திண்மத் துகள் தோன்றியதா என்பதைப் பொறுத்தது. இவ்விரண்டும் நிகழாதபோது ஆற்றல் நீங்கியவுடன் நீர் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நுண்ணலை, புற ஊதாக் கதிர், மின்னோட்டம், நிலையான காந்தப்புலம் ஆகிய நான்கையும் இவ்வளவுகோலால் ஒப்பிட்டு, கடினநீரை மென்னீராக்குவதாக விற்கப்படும் காந்தக் கருவிகளின் உரிமைகோரலை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: நீர்க்கரைசல், மின்காந்த ஆற்றல், கடினநீர், கால்சியம் கார்பனேட், டயா காந்தம், படிவு.

முன்னுரை

தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை மிக்கது. அந்நீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் உட்புறம் வெண்மையான படிவு படிகிறது, சுடுநீர்க் கருவியின் சூடேற்றுக் கம்பி படிவால் மூடப்பட்டு விரைவில் பழுதடைகிறது, சோப்பு நுரைப்பதில்லை. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுக்கிறது. இக்கடினத்தன்மைக்குத் தீர்வாக, குழாயின் மேல் பொருத்தும் காந்தங்களும், குழாயைச் சுற்றிய கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் செலுத்தும் மின்னணுக் கருவிகளும் சந்தையில் கிடைக்கின்றன. உப்பு வேண்டாம், கழிவுநீர் இல்லை, பராமரிப்பு இல்லை என்னும் உறுதிமொழிகள் நடுத்தரக் குடும்பங்களை எளிதில் ஈர்க்கின்றன. இவ்வுறுதிமொழிகளை எடைபோடுவதற்கு, மின்காந்த ஆற்றல் நீருக்குள் எவ்வாறு செயல்படுகிறது என்னும் அடிப்படைத் தெளிவு தேவை.

நீர் மூலக்கூறும் நுண்ணலையும்

நீர் மூலக்கூறில் இரு ஹைட்ரஜன் அணுக்களும் ஆக்சிஜனோடு 104.5 டிகிரி கோணத்தில் பிணைந்துள்ளன. இந்த வளைந்த அமைப்பினால் மூலக்கூறின் ஒரு பக்கம் சிறிதளவு நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் பெற்று, அது ஒரு மின் இருமுனையாக விளங்குகிறது. 25 டிகிரி செல்சியஸில் நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 78 என உயர்ந்து காணப்படுவதற்கும், உப்புகள் அதில் எளிதில் கரைவதற்கும் இதுவே காரணம்.

வீட்டு நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அதாவது, மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை அலைவுறுகிறது. நீர் மூலக்கூறுகள் அப்புலத்தின் திசைக்கேற்பத் திரும்ப முயல்கின்றன. அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பு அதற்குத் தடையாகிறது. அவ்வாறு பின்தங்கும்போது புலத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. நீரில் உப்பு கரைந்திருப்பின், அயனிகளின் அலைவும் வெப்பத்தை உண்டாக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் என்பது நீரின் ஒத்ததிர்வு அதிர்வெண் என்னும் பரவலான கருத்து பிழையானது. அறை வெப்பநிலையில் நீர் மிகுதியாக ஆற்றலை ஏற்பது ஏறத்தாழ 20 கிகாஹெர்ட்ஸ் அருகிலாகும்; அதுவும் கூர்மையான ஒத்ததிர்வாக அமையாமல் அகன்ற பட்டையாகவே அமைகிறது.

2.45 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு ஏறத்தாழ 0.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடையது. இது அந்த ஃபோட்டானைப் போல் இருபதாயிரம் மடங்கு. ஆகவே நுண்ணலை நேரடியாகப் பிணைப்புகளை அறுப்பதில்லை, நீரைச் சூடாக்குகிறது. அச்சூட்டின் வழியே இயற்பண்புகள் மாறுகின்றன: 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகும்போது நீரின் பாகுநிலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, பரப்பு இழுவிசையும் குறைகிறது, உப்புக் கரைசலின் மின்கடத்துதிறன் உயர்கிறது. ஆறியதும் இவையனைத்தும் பழைய அளவுக்குத் திரும்புகின்றன.

ஆறிய பின்னும் திரும்பாத மாற்றம் ஒன்றும் உண்டு. கடினநீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டினால் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் பிரிகிறது. கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்துவிடுகிறது. கார்பனேட் பாத்திரத்தில் படிகிறது. இங்கே மாற்றம் நிலைப்பதற்குக் காரணம், ஒரு பொருள் கரைசலை விட்டு வெளியேறியதேயாகும். இவ்வேறுபாடே பின்வரும் பகுதிகளுக்கு அளவுகோலாகிறது.

புற ஊதாக் கதிரும் மின்னோட்டமும்

குடிநீர்த் தூய்மிப்புக் கருவிகளில் உள்ள பாதரச ஆவி விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. அதன் ஃபோட்டான் ஆற்றல் ஏறத்தாழ 4.9 எலக்ட்ரான் வோல்ட். நீர் இவ்வொளியை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. நுண்ணுயிரிகளின் டி.என்.ஏ. அதனை ஏற்றுச் சிதைவுறுகிறது. நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கப்பட்டிருந்தால், அது இவ்வொளியை ஏற்று ஹைட்ராக்சில் தனி உறுப்புகளாகப் பிளந்து கரிமக் கழிவுகளை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. இரு நேர்வுகளிலும் ஆற்றலை ஏற்கும் பொருள் எதுவென்று திட்டமாகக் கூறமுடிகிறது. ஆயினும் கால்சியம் அயனியின் அளவு இதனால் குறைவதில்லை. புற ஊதா விளக்கு கடினத்தன்மையை நீக்காது.

மின்னோட்டம் செலுத்தும்போது நிலை வேறு. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வெளியேறுவதோடு ஹைட்ராக்சைடு அயனிகளும் தோன்றுகின்றன. அதனால் அம்மின்வாயின் அருகில் நீர் காரத்தன்மை அடைந்து, கால்சியம் கார்பனேட் அதன் மேலேயே படிகிறது. அப்படிவைச் சுரண்டி எடுக்கலாம், எடைபோடலாம். மின்வேதி முறையில் கடினத்தன்மையைக் குறைக்கும் தொழிற்சாலை அமைப்புகள் இக்கொள்கையில் இயங்குகின்றன. கரைசலிலிருந்து நீங்கிய கால்சியம் எங்கே சென்றது என்னும் வினாவுக்கு இங்கே கண்ணால் காணத்தக்க விடை உள்ளது.

ஆற்றல் கணக்கை மறந்தால் நேரும் குழப்பத்துக்கு அமெரிக்காவின் ஜான் கன்சியஸ் நிகழ்த்திய செய்முறை எடுத்துக்காட்டாகும். 2007-இல் அவர் 13.56 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையை உப்புநீரில் செலுத்தி, அதிலிருந்து வெளியேறிய வாயுவை எரியச் செய்தார். உப்புநீர் எரிபொருளாகிவிட்டது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. எரிதலின் விளைபொருளும் நீரே. ஆதலால் அச்சுடர் தரும் ஆற்றல், நீரைப் பிரிக்கச் செலுத்திய வானொலி ஆற்றலைவிட மிகுதியாக இருக்க இயலாது. நிகழ்வு மெய், அதற்குச் சூட்டப்பட்ட பெயரே பிழை.

நிலையான காந்தப்புலம்

நீர் ஒரு டயா காந்தப் பொருள். காந்தப்புலத்தால் மிக வலுக்குறைந்த அளவில் விலக்கப்படுகிறது. 1997-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆந்த்ரே கெய்ம் குழுவினர் ஏறத்தாழ 16 டெஸ்லா புலத்தில் உயிருள்ள தவளையை மிதக்கச் செய்தனர். தவளையின் உடலில் பெரும்பகுதி நீராக இருப்பதாலேயே அது இயன்றது. புலத்தை விட்டு வெளியே வந்தவுடன் தவளையிலோ அதன் உடல்நீரிலோ காந்தத்தன்மை எதுவும் எஞ்சவில்லை. டயா காந்தப் பொருள் காந்தத்தைத் தன்னுள் தேக்கி வைப்பதில்லை. எனவே தமிழில் வழங்கும் ‘காந்தமேற்றிய நீர்’ என்னும் தொடர் இயற்பியல் நோக்கில் பொருளற்றது. இரும்பு ஊசியைக் காந்தமாக்குவதைப் போன்ற ஒரு செயல் நீரில் நிகழ்வதாக அத்தொடர் எண்ண வைக்கிறது. ‘காந்தப்புலத்தின் வழிச் சென்ற நீர்’ என்பதே பொருத்தமான வழக்கு.

ஆற்றல் அளவையும் கணக்கிடலாம். ஒரு டெஸ்லா புலத்தில் ஒரு நீர் மூலக்கூறு பெறும் காந்த ஆற்றல், அறை வெப்பநிலையில் அதன் வெப்ப இயக்க ஆற்றலில் ஏறத்தாழ நான்கு கோடியில் ஒரு பங்கு. அயனிகளின் மீது செயல்படும் விசையும் இவ்வாறே சிறியது. 0.1 டெஸ்லா புலத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீர் பாயும்போது, மீட்டருக்கு 0.1 வோல்ட் அளவே மின்புலம் தூண்டப்படுகிறது. அயனிக்கு மிக அருகில் அதன் சொந்த மின்புலமோ மீட்டருக்குக் கோடிக்கணக்கான வோல்ட் அளவினது. நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்னும் கால அளவில் அறுந்து மீண்டும் அமைகின்றன. ஆகையால் நீரின் கட்டமைப்பு காந்தத்தை நினைவில் வைத்திருக்கிறது என்னும் விளக்கத்துக்கு இடமில்லை.

விலக்க இயலாத சான்றுகள்

இக்கணக்கோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. பெல்ஜியத்தில் 1945-இல் வெர்மேரன் என்பார் படிவு தடுப்புக்கான காந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் சோவியத் நாட்டில் இம்முறை பரவலாகக் கையாளப்பட்டது. 1996-இல் வெளிவந்த பேக்கர், ஜட் ஆகியோரின் மதிப்புரை, வெளியான முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதையும், நீர் மீண்டும் மீண்டும் காந்தத்தைக் கடக்கும் அமைப்புகளில் விளைவு கூடுதலாகக் காணப்படுவதையும் சுட்டியது. 2000-ஆம் ஆண்டில் கோயி, காஸ் ஆகியோர் காந்தப்புலத்தின் வழிச் சென்ற நீரைச் சூடாக்கிக் கிடைத்த படிவை எக்ஸ் கதிர் முறையில் ஆராய்ந்தனர். அப்படிவில் கால்சைட் படிகத்தோடு ஒப்பிட அரகோனைட் படிகத்தின் விகிதம் உயர்ந்திருந்தது. இவ்விளைவு 200 மணி நேரத்துக்கு மேலும் நீடித்தது. இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் வெவ்வேறு படிக வடிவங்களே. கால்சைட் பரப்பில் இறுகப் படியும். ஊசி வடிவ அரகோனைட் ஒப்பீட்டளவில் தளர்வாகப் படியும்.

200 மணி நேர நினைவு நீர் மூலக்கூறுகளுக்குரியதாக இருக்க இயலாது. அது கரைசலில் உள்ள வேறொரு பொருளுக்குரியதாகவே இருத்தல் வேண்டும். படிகம் தோன்றுவதற்கு முன்பே கால்சியமும் கார்பனேட்டும் நுண்திரள்களாகச் சேர்ந்திருப்பதை 2008-இல் கெபாவர் குழுவினர் காட்டினர். காந்தம் செயல்படும் இடம் இத்திரள்களாக இருக்கலாம் எனவும், புலத்தின் வலிமையைக் காட்டிலும் இடத்துக்கு இடம் அது மாறும் வீதமே முக்கியம் எனவும் கோயி 2012-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். இரும்புக் குழாயிலிருந்து கலக்கும் இரும்புத் துகள்கள் படிகக் கருக்களாகச் செயல்படுகின்றன என்பது மற்றொரு விளக்கம். எவ்விளக்கம் நிலைபெறினும் அது பேசுவது படிவின் வடிவத்தைப் பற்றியதேயன்றி, கடினத்தன்மை நீங்குவதைப் பற்றியதன்று.

மென்னீராக்கலும் படிவு மாற்றமும்

இவ்விரு கருத்துகளையும் ஒன்றெனக் காட்டுவதில்தான் விற்பனை விளம்பரத்தின் பிழை அமைந்துள்ளது. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் 500 லிட்டர் பயன்படுகிறது எனக் கொள்வோம். அந்நீரில் கால்சியம் கார்பனேட் அளவில் 300 கிராம் கடின உப்பு உள்ளது. அயனிப் பரிமாற்ற முறையில் கால்சியம், மெக்னீசியம் அயனிகள் பிசினில் தங்க, சோடியம் அயனிகள் அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. எதிர்ச் சவ்வூடு பரவலில் அவ்வுப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. கழிவும் உப்பும் இன்றி மென்னீர் தருவதாகக் கூறும் கருவி, அந்த 300 கிராம் எங்கே சென்றது எனக் காட்டக் கடமைப்பட்டது.

சோதனை எளிது. கருவிக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை இ.டி.டி.ஏ. தரம்பார்த்தலுக்கு உட்படுத்தினால் கடினத்தன்மை அளவு தெரிந்துவிடும். இதற்குப் பள்ளி வேதியியல் ஆய்வகமே போதும். அளவு மாறவில்லையெனில் சோப்பு நுரைப்பதும் மாறாது. கரைந்துள்ள மொத்தத் திண்மத்தைக் காட்டும் கைக்கருவி இதற்கு உதவாது. அயனிப் பரிமாற்றத்தில் கடினத்தன்மை நீங்கினாலும் அதன் எண் பெரிதும் குறைவதில்லை. படிவு குறைகிறது என்னும் கூற்றுக்கு வேறு சோதனை வேண்டும்: ஒரே மூலத்து நீரை இரு ஒத்த சூடேற்றிகளில் செலுத்தி, ஒன்றில் உண்மைக் காந்தமும் மற்றதில் அதே தோற்றமுடைய காந்தமற்ற கட்டையும் பொருத்தி, எது எதுவென அறியாதவரைக் கொண்டு படிவை எடைபோடச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

நுண்ணலை நீரின் இருமுனைகளையும் அயனிகளையும், புற ஊதாக் கதிர் நீரில் உள்ள பிற பொருள்களையும், மின்னோட்டம் மின்வாய்ப் பரப்பையும் இடமாகக் கொண்டு செயல்படுகின்றன. இவை ஒவ்வொன்றிலும் ஆற்றலை ஏற்பது எது, நிலைப்பது எது எனக் கூற முடிகிறது. நிலையான காந்தப்புலத்தின் விளைவு படிகத் தோற்றத்தின் எல்லைக்குள் மட்டும், சூழலுக்கேற்ப மாறுபடும் முடிவுகளோடு, ஆய்வுக்குரியதாக நிற்கிறது. அக்கருவியால் சில இடங்களில் படிவு தளர்வாகலாம், நீர் மென்னீராகாது. சுடுநீர்க் கருவியின் ஆயுள், சோப்பின் செலவு, குடிநீரின் தரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள். ஒரே காந்தம் மூன்றையும் தீர்ப்பதாகச் சொல்லப்படும் இடத்தில், பணம் செலுத்துவதற்கு முன் தரம்பார்த்தல் முடிவைக் கேட்பது நுகர்வோரின் உரிமை.