இன்ஜினுக்கு முன் பின்சக்கரப் பிடிமானம்

காரின் வேகத்தைக் கூட்ட விரும்பும் இளைஞர்கள் முதலில் செலவு செய்வது இன்ஜினுக்குத்தான். ஆனால், டயர் சாலையைப் பிடிக்காவிட்டால் கூட்டிய சக்தி வீண்.

2005 முதல் 2014 வரை தயாரான ஃபோர்ட் மஸ்டாங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பின்சக்கரங்களை ஒரே திட அச்சு இணைக்கிறது. கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று ஆர்ம்கள் அந்த அச்சைத் தாங்குகின்றன. ஆர்ம்களின் முனைகளில் ரப்பர் புஷ்கள் உள்ளன.

எக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் ரப்பர் நசுங்கி, அச்சு முறுக்கிக்கொள்ளும். டயர் மாறி மாறிப் பிடித்தும் வழுக்கியும் துள்ளும். இந்தத் துள்ளல் பிடிமானத்தைக் குறைப்பதுடன் அச்சையே உடைக்கவும் கூடும்.

கீழ் ஆர்ம்களை உறுதியான பெட்டி வடிவ இரும்பு ஆர்ம்களாகவும், புஷ்களைப் பாலியூரித்தேனாகவும் மாற்றினால் துள்ளல் பெரிதும் குறையும். இரைச்சலும் அதிர்வும் சற்றுக் கூடும்.

காரைத் தாழ்த்தியவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆர்மின் சாய்வு மாறுவதால், கிளம்பும்போது டயரைத் தரையில் அழுத்தும் விசை குறைகிறது. ஆர்மின் பின்முனையைக் கீழே இறக்கிப் பொருத்தும் பிராக்கெட் இதைச் சரிசெய்யும்.

டயர் தேய்ந்திருந்தால் மழைச் சாலையில் இவை எதுவும் காப்பாற்றாது. முதலில் டயர், அடுத்து புஷ்ஷும் ஆர்மும், கடைசியில்தான் இன்ஜின்.