துருவ ஒளிக்கு நடுவே தொலையும் சோடியம்

புவிகாந்தப் புயல் வந்தால் எல்லோரும் துருவ ஒளியைப் பற்றிப் பேசுகிறோம். அந்த ஒளி எரியும் உயரத்திலேயே நடக்கும் இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. என்னைக் கேட்டால், ஒளியைவிடக் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

தரைக்கு மேலே 80 முதல் 110 கி.மீ. வரை சோடியம், இரும்பு, பொட்டாசியம் போன்ற உலோகங்கள் தனித்தனி அணுக்களாக மிதக்கின்றன. விண்வெளித் தூசி அசுர வேகத்தில் காற்றில் பாய்ந்து, சூடேறி, ஆவியாகி விட்டுப்போனவை இவை. சோடியம் மிகுதியாக இருக்கும் 90 கி.மீ. உயரத்தில்கூட, ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரே ஒரு சோடியம் அணுதான். ஆனாலும் அது பிடிபடும். பழைய தெருவிளக்கு மஞ்சளான 589 நானோமீட்டர் லேசரை மேலே செலுத்தினால், அணுக்கள் அதை உறிஞ்சி மீண்டும் உமிழும். அந்த ஒளி 0.6 மில்லிவினாடியில் தரைக்குத் திரும்பும். வந்து சேர்ந்த நேரம் உயரத்தைச் சொல்லும். வந்த ஒளித்துகள்களின் எண்ணிக்கை, அங்கே எத்தனை அணுக்கள் என்று சொல்லும். லிடார் என்பது இதுதான்.

நார்வேயில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ட்ராம்சோ அருகே இப்படியொரு லிடாரை ஜப்பானிய ஆய்வாளர்கள் இயக்கினார்கள். துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்கள் மேலிருந்து கொட்டும்போது சோடியம் குறைகிறது என்று 2013-இல் அவர்கள் அறிவித்தார்கள்.

எலக்ட்ரான்களே சோடியத்தை நேரடியாகத் தாக்குகின்றனவா? பெரும்பாலும் இல்லை. இவ்வளவு அரிதான அணு அவற்றின் வழியில் அகப்படுவதே அபூர்வம். அவை மோதுவது நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு. அந்த மோதல்களால் ஆக்சிஜன் அயனியும் நைட்ரிக் ஆக்சைடு அயனியும் பெருகுகின்றன. எலக்ட்ரானை இழந்த இவை, அதை யாரிடமாவது பறிக்கத் துடிப்பவை. சோடியமோ தன் வெளி எலக்ட்ரானை மிகத் தளர்வாகப் பிடித்திருக்கிறது. எளிதில் பறிகொடுத்து அயனியாகிவிடும். அப்படி மாறிய சோடியம் அந்த மஞ்சள் ஒளியை உறிஞ்சாது. அங்கேயேதான் இருக்கிறது, லிடாருக்கு மட்டும் தெரியாது.

அணு அயனியாவதோடு கதை முடிவதில்லை. மின்னேற்றம் வந்துவிட்டதால் இனி அதைக் காற்று மட்டுமல்ல, மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து இழுக்கும். புயல்நேரத்தில் துருவப் பகுதியின் மின்புலம் வலுக்கும். 100 கி.மீ.க்கு மேலே உலோக அயனிகள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால் வெகுதூரம் போகவும் முடியும். அண்டார்டிகாவின் மெக்மர்டோவில் 2011-இல் 155 கி.மீ. உயரம் வரை இரும்பு அணுக்கள் தென்பட்டபோது தரப்பட்ட விளக்கமும் இதை ஒட்டியதுதான்: மின்புலம் மேலே தூக்கிய இரும்பு அயனிகள் வளிமண்டல அலைகளால் அடுக்காகக் குவிந்து, எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று மீண்டும் அணுக்களாகின்றன.

அந்த இரும்பைக் கொண்டு மேல்வளியின் வெப்பநிலையையும் அங்கே அளந்தார்கள். புயலில் மேல்வளி சூடாகி விரிந்தால் தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களுக்குக் காற்றின் தடை கூடும். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் விழுந்தன. அந்தச் சூட்டைத் தரையிலிருந்தே அளக்கும் வழிகளில் ஒன்று, தூசி விட்டுப்போன இந்த அணுக்கள்.